சிட்டுக்குக் குட்டி வேண்டுமா? கேட்கப் போன ஆஸ்பத்திரியைப் பற்றி

மதுரை கே.கே.நகர்ப் பக்கம் உள்ள ஒரு சின்ன நாய் ஆஸ்பத்திரியில், பெண் நாயை ஆண் நாயோடு சேர்ப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய பரிசோதனையைத் தனியாகவே செய்கிறார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் போகிறபோக்கில் கேட்டு வருகிற யோசனை அல்ல இது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போகவேண்டும். அவசரக் கேஸ் வந்தால் தவிர, அந்த நேரத்தில் வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். டாக்டர் கட்டணம் 800 ரூபாய். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அதற்கு மேல். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். ஒரே ஆளாக நடத்துகிறார். இப்போது வருகிற கூட்டத்தைப் பார்த்து முடிக்கவே ராத்திரி ஒன்பது மணி ஆகிவிடுகிறது. ஆகவே பெயர் இல்லாமல் எழுதுகிறேன். உங்கள் ஊர் டாக்டரிடம் இதே காரியத்துக்குப் போனால் என்னென்ன கேட்டு வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவும்.

நான் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கை கழுவும் தொட்டியைத்தான் தேடும். இங்கே முழங்கையால் திறக்கிற குழாய் இருக்கிறது. ஒவ்வொரு நாய் இறங்கியதும் மேஜையை மருந்து போட்டுத் துடைக்கிறார்கள். ஊசிகளைத் தனி டப்பாவில் போடுகிறார்கள். மனுஷ ஆஸ்பத்திரிகள் சிலவற்றில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. அந்தத் தொட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சிட்டு எங்கள் வீட்டு நாய். வெள்ளை நிறம், மூன்று வயது, ஆறு கிலோ. தெருவில் எல்லாருக்கும் அது பொமரேனியன்தான். அதனுடைய தடுப்பூசி அட்டையில் இண்டியன் ஸ்பிட்ஸ் என்று எழுதியிருக்கும். நம் ஊர்களில் பொமரேனியன் என்று வளர்க்கிற நாய்களில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். ஒவ்வொரு முறை ஹீட்டுக்கு, அதாவது ரத்தம் கண்டு ஆணோடு சேருகிற பருவத்துக்கு, வரும்போதும் எதிர்வீட்டு மதினி ஆரம்பித்துவிடுவார். "பொம்பளைப் புள்ளையா பொறந்துட்டு ஒரு தடவையாச்சும் குட்டி போட வேணாமா? பாவம்டீ அது." பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் அழகான ஆண் ஸ்பிட்ஸ் இருக்கிறது. அவர் காசு கேட்கவில்லை. "ஒரே ஒரு குட்டி எனக்குக் குடுத்துருங்கக்கா, போதும்" என்றார். என் மகளுக்கும் ஆசை. குட்டி என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை?

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வார்டில் எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தவள் நான். கர்ப்பத்துக்கு முன்னால் ஒரு முறை இதயத்தைச் சோதித்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று நினைக்கவைத்தவர்கள் அவர்களில் உண்டு. வாய் பேசத் தெரியாத ஜீவனுக்கு அந்தச் சோதனையை யார் கேட்டு வாங்கித் தருவது?

முதலில் நகரத்தில் வேறொரு இடத்தில் விசாரித்தேன். நாய்க்குத் தீனி, சங்கிலி விற்கிற கடை. 'கிராசிங்'கும், அதாவது ஆண் நாயோடு சேர்ப்பதையும், செய்து தருகிறார்கள். நாயை ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். 5000 ரூபாய். ரத்தம் வந்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார்கள். அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வயது கேட்கவில்லை, தடுப்பூசி அட்டையைக் கேட்கவில்லை, ஆண் நாயைக் காட்டச் சொன்னதற்குப் படத்தைத்தான் காட்டினார்கள். அதைச் சொல்லவேண்டியிருப்பது, இந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எங்கே நிற்கின்றன என்று புரியவேண்டும் என்பதற்காக.

அவர் முதலில் கையில் எடுத்தது பேனா. சிட்டு எப்போது முதலில் ஹீட்டுக்கு வந்தது, எத்தனை மாத இடைவெளி, எத்தனை நாள் ரத்தம், சிட்டுவின் தாய் எங்கே இருக்கிறது, அது சுலபமாகக் குட்டி போட்டதா, கூடப் பிறந்தவை எப்படி இருக்கின்றன, இடி சத்தத்துக்குப் பயப்படுமா, அந்நியர் தொட்டால் கடிக்க வருமா என்று வரிசையாகக் கேட்டார். கர்ப்பிணியை முதல் நாள் பதிவு செய்யும்போது நாங்கள் கேட்கிற மாதிரியேதான். சுபாவத்தை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "பயந்த சுபாவமும் குட்டிக்குப் போகும்மா. அதோட, தாய் பயந்து நடுங்குறதைப் பார்த்தே குட்டிங்க பயப்படக் கத்துக்கும்" என்றார்.

அப்புறம் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நெடுநேரம் கேட்டார். இடது பக்கம் மேலே, அக்குளுக்குக் கிட்டே, வால்வுகள் இருக்கிற இடம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கேட்டார். குழந்தை கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் போவதற்கு ஒரு குழாய் உண்டு. பிறந்ததும் அது மூடிக்கொள்ளவேண்டும். மூடாமல் போகிற குறை பொமரேனியன் ஜாதியில் பரம்பரையாக வருவது உண்டாம். மனுஷக் குழந்தைகளில் அந்தக் குறையை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. சிட்டுவின் இதயம் சுத்தமாக இருந்தது. தொண்டையில் மூச்சுக்குழாயை மெல்ல அழுத்திப் பார்த்தார். சின்ன ஜாதிகளில் அந்தக் குழாய் தளர்ந்துபோய், வாத்து கத்துவது போல இருமல் வரும். அதுவும் இல்லை. பல்வரிசை நேராக இருந்தது, விழாமல் நின்ற பால்பல்லும் இல்லை. கண்ணின் உள்பக்கத்தைப் பார்க்கிற கருவி தன்னிடம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். விழித்திரை நோய் இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. இல்லாததை இருப்பதாகக் காட்டாத டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

முழங்காலில்தான் வந்தது விஷயம்.

சிட்டு மாடிப்படி ஏறும்போது சில சமயம் வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு தத்தும், பிறகு ஒன்றுமே ஆகாதது போல ஓடும். என் மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருந்தாள். டாக்டர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு சிட்டுவை நிற்கவைத்தும் ஒருக்களித்துப் படுக்கவைத்தும் முட்டிச்சில்லைக் கட்டைவிரலால் உள்பக்கமாகத் தள்ளினார். இடது காலில் சில்லு நகரவே இல்லை. வலது காலில் சட்டென்று பள்ளத்தை விட்டு வெளியே போனது. கையை எடுத்த பிறகும் வெளியிலேயே நின்றது. காலை நீட்டி விட்டதும்தான் உள்ளே வந்தது. என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை நழுவுவது போல இருந்தது.

இதை நான்கு படிகளாகப் பிரிப்பார்களாம். தள்ளினால் வெளியே போய், விட்டால் தானே உள்ளே வருவது முதல் படி. தானாகவே வெளியே போகும், தள்ளினாலும் போகும், உள்ளே வர காலை நீட்டவோ கையால் தள்ளவோ வேண்டும் என்றால் இரண்டாம் படி. எப்போதும் வெளியிலேயே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் உள்ளே போவது மூன்றாம் படி. தள்ளினாலும் உள்ளே போகாதது நான்காவது. அந்த நாய்கள் காலை மடக்கிக்கொண்டு தவழ்கிற மாதிரி நடக்கும். சிட்டுவுக்கு வலது காலில் இரண்டாம் படி. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சின்ன ஜாதிகளில் சகஜமான குறை. பெற்றவரிடமிருந்து குட்டிக்குப் போகக்கூடியது. ஒரே ஒரு ஜீனால் வருவதில்லை, ஆகவே ஒரு ரத்தச் சோதனை செய்து இருக்கிறது, இல்லை என்று முடிவு சொல்லவும் முடியாது. கையால் பார்ப்பதுதான் சோதனை. ஒரு வயது நிரம்பாமல் பார்த்துச் சொல்வதை நம்பக்கூடாது என்றார்.

சிட்டு அன்றாடம் வலியில்லாமல் இருக்கிறது, எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் ஆபரேஷன் இல்லாமலேயே காலம் தள்ளலாம். ஆனால் சிட்டுவின் குட்டிக்கு மூன்றாம் படியாக வந்தால்? அதை வாங்கிப் போகிற வீடு பல்லாயிரம் ரூபாய் செலவு செய்து எலும்பு ஆபரேஷன் செய்யுமா? டாக்டர் "சேர்க்காதீங்க" என்று எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை சிட்டுவின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நல்ல டாக்டருக்கு அடையாளம் அதுதான்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் 800 ரூபாய்க்கு முழுதாகச் சொல்லித்தான் அனுப்புவார்கள். நானும் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டதில் எனக்குப் புதிதாக இருந்தவற்றைச் சொல்கிறேன். வீட்டில் பெண் நாய் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

நாள் கணக்கு. ரத்தம் வந்த 11ஆம் நாள், 13ஆம் நாள் சேர்ப்பது என்று எல்லாரும் வைத்திருக்கிறார்கள். சராசரியாக ஒன்பது நாள் ரத்தம், அதன்பின் ஒன்பது நாள் ஆணை ஏற்கும் காலம் என்றாலும், ஒவ்வொரு நாய்க்கும் இது நிறைய மாறும். சரியாகத் தெரியவேண்டுமானால் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்த்துக்கொண்டே வரவேண்டும். மனுஷிக்கு கருமுட்டை வெளிவந்த பிறகுதான் இந்த ஹார்மோன் ஏறும். நாய்க்கு அதற்கு முன்னாலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது! ஒரு மில்லி லிட்டரில் இரண்டு நானோகிராமைத் தாண்டும்போது முட்டையை வெளியே விடச்சொல்லி மூளை உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். ஏறக்குறைய ஐந்தைத் தொடும்போது முட்டை வெளிவருகிறது. வந்த முட்டை உடனே கருத்தரிக்காது, பக்குவப்பட இன்னும் இரண்டு நாள் வேண்டும். இத்தனை வருஷம் பிரசவம் பார்த்தவளுக்கு இது ஒன்றும் தெரியாது. ரத்தத்தை மனுஷர்களுக்கான லேபுக்குத்தான் அனுப்புகிறார்கள், ஒரு தடவைக்கு 700 ரூபாய் ஆகிறது. முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் அதிலிருந்து 63ஆம் நாளை ஒட்டிப் பிரசவம் என்று நம்பிச் சொல்லலாம். சேர்த்த நாளை மட்டும் வைத்துக்கொண்டால் 58 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். சிசேரியனுக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தால் இந்த இரண்டு வார வித்தியாசம் குட்டியின் உயிர்.

புரூசெல்லா. ஆண், பெண் இரண்டையும் ரத்தச் சோதனை செய்யாமல் சேர்க்கவே கூடாது என்பதற்கு முதல் காரணம் இந்தக் கிருமி. சேரும்போது தொற்றும், ஏழு, எட்டு வாரத்தில் கரு கலையும், ஆணுக்கு விரை வீங்கும், மருந்து கொடுத்தாலும் உடம்பை விட்டு முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. கலைந்த கருவையும் நீரையும் வெறுங்கையால் அள்ளுகிற மனுஷருக்கும் வரும். இதைக் கேட்டதும் பக்கத்துத் தெருக்காரரிடம் போய், உங்கள் நாய்க்கும் ஒரு சோதனை செய்துவிடலாம், செலவு என்னுடையது என்றேன். "என் பையன் நல்லா கல்லு மாதிரி இருக்கான்கா, ஊசியெல்லாம் குத்த வேணாம்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், நாயை உயிராக வளர்க்கிறார். ஆனால் அந்த மறுப்போடு அந்த ஆண் நாய் பட்டியலிலிருந்து போனது. ஆண் நாயின் சோதனைத் தாள் இல்லாமல் எந்தப் பெண் நாய்க்கும் 'சேர்க்கலாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதில்லை. இந்தக் கண்டிப்பை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன்.

கால்சியம். இதைத்தான் எல்லாருக்கும் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது. நாய் சினையானதும் அதையே கொடுப்பது என்றுதான் யாருமே நினைப்பார்கள். கொடுக்கவே கூடாதாம். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிற கழுத்துச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். குட்டி போட்டு இரண்டு, மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும்போது திடீரென்று கால்சியம் மொத்தமும் பாலில் போகும். அந்தச் சுரப்பியால் உடனே விழித்துக்கொள்ள முடியாது. நாய் மூச்சிரைக்கும், நிலைகொள்ளாமல் அலையும், தள்ளாடும், உடம்பு நடுங்கி வலிப்பு வரும், காய்ச்சல் ஏறும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். சின்ன ஜாதித் தாய்களுக்குத்தான் இது அதிகம். ரத்தநாளத்தில் கால்சியத்தை மிக மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றவேண்டும். வீட்டில் செய்கிற காரியம் இல்லை. சினைக் காலத்தில் தேவை நாய்க்குட்டிகளுக்கான நல்ல தீனி, பால் கொடுக்கும்போது இன்னும் அதிகமாக அதே தீனி, அவ்வளவுதான்.

பிரசவத்தைப் பற்றி நானும் அவரும் பேசியது இரண்டு தொழில்காரர்கள் பேசுவது மாதிரி இருந்தது. சின்ன ஜாதிகளில் ஒன்று இரண்டு குட்டி மட்டும் தங்குவது சகஜம். ஒற்றைக் குட்டி என்றால் அது பெரிதாக வளர்ந்துவிடும், இடுப்பு வழி சிறிது, மேலும் ஒற்றைக் குட்டி கொடுக்கிற சமிக்ஞை போதாமல் வலியே வராமலும் போகலாம். அதனால் 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துத் தலைகளை எண்ணியே ஆகவேண்டும். பிரசவத்துக்கு முந்தைய நாளில் உடல் வெப்பம் 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். கடைசி வாரம் தினமும் இரண்டு, மூன்று வேளை தெர்மாமீட்டர் வைக்கவேண்டும். பலமாக முக்கி அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை என்றால் கிளம்பிவிடவேண்டும். முதல் குட்டி வருவதற்கு முன்னால் பச்சை நிறத்தில் நீர் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. எங்கள் வார்டில் பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். நாய்க்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடியின் ஓரத்தில் உள்ள நிறம் அது, பச்சை வெளியே வந்தால் நஞ்சு பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு குட்டி பிறந்த பிறகு வந்தால் பயமில்லை. வலி வரவைக்கிற ஊசியை யாராவது வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள் என்றார். குட்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஊசி போட்டால் கர்ப்பப்பை கிழியும். இதற்கு எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இங்கே சிசேரியன் 15,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் டாக்டர் இல்லை. நாய்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும் என்பது வளர்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இது இந்த ஆஸ்பத்திரியின் பெரிய குறை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, ஒரே ஆள். ஆனால் சேர்க்கலாம் என்று ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது, ராத்திரி எங்கே போகவேண்டும், யாரைக் கூப்பிடவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அவரிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

சுவரில் 2017ஆம் வருஷ நாய் இனப்பெருக்க விதிகளை ஒட்டி வைத்திருக்கிறார். மத்திய அரசு கொண்டுவந்தவை. நாயை வளர்த்துக் குட்டி விற்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். பெண் நாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்கவேண்டும். அடுத்தடுத்த ஹீட்டில் சேர்க்கக்கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. நம் கடைத்தெருவில் கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகளைக் கூண்டில் வைத்து விற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிகள் எவ்வளவு பெரியவை என்று தெரியும். எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்தால்தான் குட்டி கடிக்கிற வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளும். முன்னாலேயே பிரித்தால் அந்தப் பாடம் நடக்காது.

கடைசியாக ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் எல்லாரும் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதில் நாயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எல்லாம் எங்களைப் பற்றி. முதல் மூன்று வாரம் ராத்திரி யார் விழித்திருப்பது? தாய்க்குப் பால் இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் புகட்ட யார்? குட்டிகளை வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் யார் யார், அவர்கள் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறதா? இரண்டு வருஷம் கழித்து ஒருவர் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று கொண்டுவந்து விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வியில் எங்கள் வீடே அமைதியாகிவிட்டது. குட்டி வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்த சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரிடமும் மகள் மறுபடி பேசினாள். தடுப்பூசி முழுசும் போடவேண்டும், கருத்தடை ஆபரேஷன் செய்யவேண்டும், கட்டிப் போட்டே வளர்க்கக்கூடாது, ஊர் மாற்றிப் போனால் எங்களிடம் கொண்டுவரவேண்டும் என்று சொன்னதும் பட்டியல் கரைந்தது. "ஆண் குட்டின்னா குடுங்க, பொட்டைன்னா வேணாம்" என்றார் ஒருவர். அந்தப் பேச்சை என் வார்டில் நான் கேட்காத நாளில்லை. அதைச் சொன்னவர் வீட்டுக்கு என் கையால் ஒரு குட்டியும் போகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வைகைக் கரைப் பக்கம், சந்தைப் பக்கம் போனால் வெள்ளை முடி சடை பிடித்து, தோல் நோயோடு திரிகிற ஸ்பிட்ஸ்களைப் பார்க்கலாம். அவையும் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டு வாங்கிய குட்டிகள்தானே.

மதினியின் பேச்சுக்கும் பதில் வாங்கி வந்தேன். ஒரு தடவை குட்டி போட்டால் பெண் நாய்க்கு உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாறாக, ஹீட் முடிந்ததும் சினையானாலும் ஆகாவிட்டாலும் இரண்டு மாதம் அதே புரோஜெஸ்டிரான் ஹார்மோன் கர்ப்பப்பையில் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஹீட்டிலும் இது நடந்து நடந்து, வயது ஏறியதும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோய் வருகிறது. ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களை வைத்துப் பார்த்ததில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு வந்திருக்கிறது. அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், சில சமயம் வெளியே ஒன்றும் வடியாமல் உள்ளேயே சீழ் கட்டும். மதினியிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "அப்பிடியா? எங்க அம்மா வீட்டு நாய் அப்பிடித்தான் செத்துச்சு" என்றார்.

ஆக, சிட்டு குட்டி போடப்போவதில்லை. முழங்கால் ஒன்றே போதுமான காரணம். முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் அந்தத் தாளை எங்களால் நாணயமாக நிரப்பியிருக்க முடியாது. ஹீட் முடிந்து இரண்டரை, மூன்று மாதம் ஆனதும் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், அப்போது கருத்தடை ஆபரேஷன் செய்வது நல்லது என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். இங்கேயே செய்கிறோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேரம் வாங்கிப் போனாலும் காத்திருக்க வைக்கிறார்கள். அவசரக் கேஸ் வந்தால் நம்மை நிறுத்திவிடுகிறார்கள், அது நியாயம்தான், ஆனால் ஹீட்டில் உள்ள பெண் நாயும் ஆண் நாய்களும் ஒரே முன்னறையில் உட்காருவது சரியில்லை. ஒரு தடுப்பாவது போடலாம். டாக்டர் வேகமாகப் பேசுகிறார். மருத்துவம் பழக்கமில்லாதவர்களுக்குப் பாதி பிடிபடாது. சோதனை முடிவெல்லாம் ஆங்கிலத்தில் கையெழுத்தாக வருகிறது. பிரசவ அபாய அறிகுறிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். நேரமில்லை என்றார். நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், திருத்திக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு ஆன செலவு டாக்டர் கட்டணம், புரூசெல்லா, பொது ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 3000 ரூபாய்க்கு உள்ளே. குட்டி போடவைத்து விற்றுப் பணம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது அதிகமாகத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

போகிறவர்கள் அடுத்த ஹீட்டுக்கு ஒரு மாதம் முன்னாலேயே போங்கள். ரத்தம் கண்ட பிறகு ஓடினால் சோதனை முடிவுகள் வந்து சேர்வதற்குள் நாள் கடந்துவிடும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தடுப்பூசிக் கூட்டம். செவ்வாய், புதன் மத்தியானம் நல்லது. தடுப்பூசி அட்டை, போன ஹீட் தேதிகள் எழுதிய தாள், நாய் நடப்பதையும் படி ஏறுவதையும் எடுத்த வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். ஆண் நாய்க்கு அதன் சொந்தக்காரர் சம்மதித்தால் வேறொரு நாளில் தனியாக அழைத்துப் போகச் சொல்லுங்கள். கார்டு வாங்குவதில்லை, பணமோ ஜிபேயோ மட்டும்தான்.